மருந்துக் கலவை அறைக்குப் புதியவர்களுக்கு: கருவிகள், சொற்கள், கைப்பழக்கம்

கம்பெனி தயாரித்து அட்டையில் வரும் மருந்து எல்லோருக்கும் பொருந்திவிடுவதில்லை. மாத்திரை விழுங்கத் தெரியாத குழந்தை இருக்கும். மாத்திரையில் சேர்த்த நிறமி ஒத்துக்கொள்ளாதவர் இருப்பார். சந்தையில் கிடைக்கும் மிகச் சிறிய வீரியமே அதிகமாகிவிடும் முதியவர் இருப்பார். இவர்களுக்கு, மருத்துவரின் சீட்டை வைத்துக்கொண்டு, அந்த ஒருவருக்கென்றே மருந்தைக் கலந்து கொடுப்பதுதான் காம்பவுண்டிங். பார்மசி படிப்பவர்களுக்கும், வேலையில் புதிதாகச் சேர்ந்து கலவை அறைக்கு அனுப்பப்பட்டவர்களுக்கும் இந்தக் கட்டுரை. வீட்டில் முயன்று பார்க்கும் வேலை இல்லை இது.

தொடங்கும்போதே மனதில் இருக்க வேண்டியது ஒன்று உண்டு. இங்கே நடக்கும் தவறு கண்ணுக்குத் தெரியாது. 1% களிம்பும் 3% களிம்பும் ஒரே வெள்ளையாகத்தான் இருக்கும். நன்றாகக் கலந்த பொடிக்கும் பாதி கலந்த பொடிக்கும் பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. தொழிற்சாலையில் சாம்பிள் எடுத்துச் சோதிக்க ஆய்வகம் இருக்கிறது; சிறிய கலவை அறையில் ஒவ்வொரு பாட்டிலையும் அப்படிச் சோதிக்க முடியாது. அதனால் நீங்கள் செய்யும் முறை சரியாக இருந்தால்தான் மருந்து சரியாக இருக்கும். நோயாளி எடுக்கும் முதல் கரண்டியிலும் கடைசிக் கரண்டியிலும் மருந்து ஒரே அளவில் இருக்க வேண்டும். கீழே வரும் கருவிகளும் முறைகளும் பெரும்பாலும் அதற்காகவே.

கருவியைத் தொடுவதற்கு முன்

சீட்டை எடுத்ததும் கணக்குப் போடத் தோன்றும். அதற்கு முன் இரண்டு கேள்விகள். இதே மருந்து, இதே வீரியத்தில், அங்கீகாரம் பெற்ற தயாரிப்பாகக் கிடைக்கிறதா? கிடைத்தால் கலக்கத் தேவையில்லை. கலக்கத்தான் வேண்டும் என்றால், சோதித்து வெளியிடப்பட்ட செய்முறை இருக்கிறதா? இருந்தால் அதை அப்படியே பின்பற்றுங்கள். “இந்த சிரப்பிலும் கரையும்” என்று நாமாக அடிப்படைத் திரவத்தை மாற்றினால் அமிலத்தன்மை மாறும், மருந்து சில நாட்களிலேயே சிதையலாம்.

மாத்திரையைப் பொடித்துச் செய்வதாக இருந்தால், அது பொடிக்கக்கூடிய மாத்திரையா என்று கட்டாயம் பாருங்கள். குடலில் கரைவதற்கென்று மேற்பூச்சு போட்டவை, மருந்தை மெதுவாக வெளியிடும் வகைகள் ஆகியவற்றைப் பொதுவாகப் பொடிக்கக் கூடாது. நாள் முழுவதற்குமான அளவு ஒரே நேரத்தில் உடலில் இறங்கிவிடும் ஆபத்து உண்டு.

கணக்கைத் தாளில் எழுதுங்கள், மனக்கணக்கு வேண்டாம். 1% எடை/கனஅளவு என்றால் 100 மி.லி.யில் 1 கிராம். 1% எடை/எடை என்றால் 100 கிராமில் 1 கிராம். “போதுமான அளவு 100 மி.லி. ஆக்குக” என்று இருந்தால், எல்லாம் சேர்ந்து 100 வர வேண்டும் என்று பொருள், 100 மி.லி. திரவத்தை ஊற்றுவது தவறு. புள்ளிக்கு முன் பூச்சியத்தை விடாதீர்கள்: 0.5 என்று எழுதுங்கள், .5 வேண்டாம். முழு எண்ணுக்குப் பின்னால் புள்ளியும் பூச்சியமும் போடாதீர்கள், 5.0 என்பதை அவசரத்தில் 50 என்று படித்துவிடுவார்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள்: சீட்டில் இருக்கும் அளவு எதைக் குறிக்கிறது, டப்பாவில் இருக்கும் பொடி எது என்று ஒப்பிட வேண்டும். 7 நீர் மூலக்கூறு கொண்ட ஃபெரஸ் சல்பேட் 300 மி.கி.யில் இரும்பு சுமார் 60 மி.கி.தான். உப்பின் எடையையும் அதற்குள் இருக்கும் மருந்தின் எடையையும் குழப்பிக்கொண்டால் தராசு எவ்வளவு துல்லியமாக இருந்தும் பயனில்லை.

மூலப்பொருள் மருந்துத் தரம்தானா, அந்த பேட்சுக்கு ஆய்வுச் சான்றிதழ் இருக்கிறதா என்பதும் இந்தக் கட்டத்திலேயே முடிய வேண்டும். 1937-இல் அமெரிக்காவில் சல்ஃபனிலமைடு மருந்தைத் திரவமாக்க டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சுக் கரைப்பானைப் பயன்படுத்தினார்கள். இனிப்பான, தெளிவான மருந்தாகத்தான் இருந்தது. 100-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பலர் குழந்தைகள். கிளிசரின், புரொப்பிலீன் கிளைக்கால் டப்பாவைத் திறக்கும்போதெல்லாம் சான்றிதழைத் தேடும் பழக்கம் வர வேண்டும்.

தராசு

இங்கே நிதானமாக நேரம் செலவிடுங்கள். தராசு அதிராத மேசையில், காற்றோட்டத்துக்கு விலகி இருக்க வேண்டும். மின்விசிறியின் காற்றே எண்ணை ஆட்டிவிடும். நீர்க்குமிழ் நடுவில் நிற்கிறதா என்று பார்த்து, தேவையான நேரம் சூடாக விட்டு, சோதனை எடைக்கல்லை வைத்துச் சரிபாருங்கள். எடைத்தாளையோ எடைத்தட்டையோ வைத்துப் பூச்சியமாக்கி, அப்புறம் பொடியைப் போடுங்கள். டப்பாவின் லேபிளை மூன்று முறை படிப்பது பழைய வழக்கம், இன்றும் நல்ல வழக்கம்: அலமாரியிலிருந்து எடுக்கும்போது, எடை போடும்போது, திரும்ப வைக்கும்போது.

புதியவர்கள் அதிகம் தவறவிடுவது குறைந்தபட்ச எடை அளவு. ஒவ்வொரு தராசுக்கும் ஒரு உணர்திறன் உண்டு. அதற்குக் கீழான மாற்றம் அதற்குத் தெரியாது. பழைய இரட்டைத் தட்டு டார்ஷன் தராசில் அது 6 மி.கி. பிழை 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றால், உணர்திறனை 100-ஆல் பெருக்கி 5-ஆல் வகுக்க வேண்டும். 6 × 100 ÷ 5 = 120 மி.கி. அதற்குக் குறைவாக அந்தத் தராசில் எடை போடக் கூடாது. உணர்திறன் 1 மி.கி. உள்ள மின்னணுத் தராசு என்றால் 20 மி.கி. வரை இறங்கலாம். திரையில் ஒரு எண் வந்துவிட்டது என்பதால் அது நம்பத்தக்க எண் ஆகிவிடாது.

சரி, 120-க்குக் கீழே போக முடியாத தராசில் 20 மி.கி. மருந்து தேவைப்பட்டால்? பங்கு முறை என்ற வழி இருக்கிறது, அலிக்வாட் என்றும் சொல்வார்கள். மருந்தை 120 மி.கி. எடுங்கள். அது தேவையைப் போல் 6 மடங்கு. லாக்டோஸ் போன்ற செயலற்ற பொடி 600 மி.கி. சேர்த்து நன்றாகக் கலந்தால் மொத்தம் 720 மி.கி. அதில் ஆறில் ஒரு பங்கு, அதாவது 120 மி.கி., எடை போட்டு எடுத்தால் அதற்குள் மருந்து சரியாக 20 மி.கி. இருக்கும். மருந்தின் எடை, கலப்புப் பொடியின் எடை, எடுக்கும் பங்கின் எடை மூன்றுமே 120-க்குக் குறையவில்லை என்பதைக் கவனியுங்கள். கலப்பு சீராக இருந்தால்தான் இந்தக் கணக்கு நிற்கும். அதற்கான முறை கொஞ்சம் கீழே வருகிறது.

திரவம் அளப்பது

பீக்கரில் போட்டிருக்கும் கோடுகள் தோராயமானவை, அதை வைத்து மருந்தை அளக்காதீர்கள். அளவுச்சாடியைப் பயன்படுத்துங்கள், தேவைக்கு நெருக்கமான சிறிய சாடியாகத் தேர்ந்தெடுங்கள். சாடியின் கொள்ளளவில் 20 சதவீதத்துக்குக் கீழே அளக்கக் கூடாது என்பது வழக்கமான விதி, அதாவது 100 மி.லி. சாடியில் 20 மி.லி.க்குக் குறைவாக வேண்டாம். கண்ணைக் கோட்டின் மட்டத்துக்குக் கொண்டுவந்து, திரவத்தின் பிறைவளைவில் அடிப்பகுதியைப் படியுங்கள். சில மி.லி. மட்டும் என்றால் சிரிஞ்சே மேல். கிளிசரின் மாதிரி கெட்டியான திரவம் சாடிச் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். சிரிஞ்சில் எடுங்கள், அல்லது அடர்த்தியைக் கணக்கிட்டு எடை போட்டுவிடுங்கள்.

கல்வம், குழவி, ஸ்பாட்டுலா

கலவை அறையில் மூன்று வகைக் கல்வங்கள் இருக்கும், மூன்றுக்கும் வேலை வேறு. வெட்ஜ்வுட் என்ற கெட்டியான பீங்கான் வகையின் உட்புறம் சொரசொரப்பாக இருக்கும். படிகங்களையும் மாத்திரைகளையும் பொடிக்க அது நல்லது. வழவழப்பான சாதாரண பீங்கான், மென்மையான பொடிகளைக் கலக்க. கண்ணாடிக் கல்வம் திரவங்களுக்கும், கறை பிடிக்கும் பொருட்களுக்கும், மிகக் குறைந்த அளவில் வேலை செய்யும் வீரிய மருந்துகளுக்கும். சொரசொரப்பான கல்வத்தின் நுண்துளைகளில் 10 மி.கி. பொடி தங்கிவிட்டால் அந்த நோயாளிக்கு மருந்து குறைகிறது, அடுத்த நோயாளிக்கு வேண்டாத மருந்து போகிறது.

ஸ்பாட்டுலா பெரும்பாலும் துருப்பிடிக்காத எஃகு. அயோடின் போன்றவை உலோகத்தோடு வினைபுரியும், அதற்கு பிளாஸ்டிக் அல்லது கடின ரப்பர் ஸ்பாட்டுலா. களிம்பு கலக்கக் கண்ணாடிப் பலகை வேண்டும். சல்லடை, மின்தட்டு, காந்தக் கலக்கி, வெப்பமானி ஆகியவை அப்புறம் தேவைக்கேற்பச் சேரும். கையுறை, முகக்கவசம், தலைமூடி, மேலங்கி ஆகியவை எப்போதும் இருக்க வேண்டும். ஹார்மோன்கள், புற்றுநோய் மருந்துகள் போன்ற ஆபத்தான பொடிகளுக்குத் தனி இடமும், பொடி பறக்காமல் உறிஞ்சும் பெட்டியும் வேண்டும்; அவை இல்லாத அறையில் அந்த வேலையை ஏற்கக் கூடாது.

காதில் அடிக்கடி விழப்போகும் சொற்கள் சில. குழவியால் அழுத்தித் தேய்த்துப் பொடியை நுண்மையாக்குவது ட்ரைட்டுரேஷன். பொடியைச் சில துளி திரவத்தோடு சேர்த்துப் பசையாக இழைப்பது லெவிகேஷன். பலகையில் ஸ்பாட்டுலாவால் பரப்பிப் பரப்பிக் கலப்பது ஸ்பாட்டுலேஷன். கற்பூரம் மாதிரி தேய்க்கத் தேய்க்கத் திரளும் பொருளில் சில துளி ஆல்கஹால் விட்டுப் பொடித்து, ஆல்கஹாலை ஆவியாக விடுவது இன்டர்வென்ஷன் முறைப் பொடிப்பு.

சிறிதிலிருந்து பெரிதுக்கு: ஜியோமெட்ரிக் டைலூஷன்

ஒரே ஒரு முறையைத்தான் கற்றுக்கொள்ள நேரம் இருக்கிறது என்றால் இதைக் கற்றுக்கொள்ளுங்கள். சிறிதளவு மருந்தை ஒரு குவியல் அடிப்படைப் பொருளில் மொத்தமாகக் கொட்டிக் கலக்கினால் சில இடங்களில் திட்டாகத் தங்கிவிடும். அதற்குப் பதிலாக, இருப்பதற்குச் சமமான அளவை மட்டும் ஒவ்வொரு முறையும் சேர்க்க வேண்டும்.

வெள்ளை வாசலினில் 1% ஹைட்ரோகார்ட்டிசோன் களிம்பு 30 கிராம் செய்வதாக எடுத்துக்கொள்வோம். மருந்து 300 மி.கி. கண்ணாடிப் பலகையில் பொடியை வைத்து, திரவ பாரஃபின் சில துளி விட்டு, ஸ்பாட்டுலாவைத் தட்டையாக அழுத்தி இழையுங்கள். அடிப்படை எண்ணெய்ப்பசை என்பதால் திரவ பாரஃபின். நீரில் கலக்கும் அடிப்படை என்றால் கிளிசரின் போன்றதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். விட்ட திரவத்தின் எடையை வாசலின் எடையிலிருந்து கழித்துக்கொள்ளுங்கள். முதலில் ஸ்பாட்டுலாவுக்கு அடியில் மணல் உரசுவது தெரியும். கையில் அந்த உரசல் முற்றிலும் மறையும் வரை விடாதீர்கள். இந்தக் கட்டத்தில் தங்கிய குருணை அப்புறம் 30 கிராம் களிம்புக்குள் போய் ஒளிந்துகொண்டால் எடுக்க வழியே இல்லை.

பசை வழவழப்பானதும், அதன் அளவுக்குச் சமமாக வாசலின் சேர்த்துக் கலக்குங்கள். சுமார் 0.6 கிராம் ஆகும். அதற்குச் சமமாக இன்னொரு முறை, 1.2 ஆகும். பிறகு 2.4, 4.8, 9.6, 19.2, கடைசியில் மீதி எல்லாம். ஏழு முறைதான். ஒவ்வொரு முறையும் பலகை முழுவதும் பரப்பி, விளிம்பில் ஒதுங்கியதையும் ஸ்பாட்டுலாவின் பின்புறம் ஒட்டியதையும் வழித்து நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். ஸ்பாட்டுலாவின் முதுகில் தங்குவது பெரும்பாலும் முதலில் இழைத்த, மருந்து அதிகமுள்ள பகுதி. இரண்டு ஸ்பாட்டுலா வைத்துக்கொண்டு ஒன்றால் மற்றொன்றை வழிப்பது நல்ல பழக்கம். பலகையிலும் டப்பாவிலும் கொஞ்சம் போய்விடும் என்பதால் எல்லாப் பொருட்களையும் ஒரே விகிதத்தில் சற்றுக் கூட்டிக் கணக்கிட்டுத் தொடங்குவார்கள்.

பொடிகளைக் கலக்கவும் இதே படிகள்தான், பலகைக்குப் பதில் கல்வம். மேலே சொன்ன பங்கு முறையில் 120 மி.கி. மருந்தையும் 600 மி.கி. லாக்டோஸையும் இப்படித்தான் சேர்க்க வேண்டும்.

மென்தாலும் கற்பூரமும் ஒரே சீட்டில் வந்தால் கொஞ்சம் யோசியுங்கள். இரண்டும் திடப்பொருள், ஆனால் சேர்த்துத் தேய்த்தால் உருகித் திரவமாகிவிடும். யூடெக்டிக் கலவை என்பது இதுதான். களிம்பில் இது வசதி: முதலில் இரண்டையும் உருக விட்டு, அந்தத் திரவத்தை அடிப்படையில் சேர்த்துவிடலாம். பொடி மருந்தில் இது தொல்லை. ஒவ்வொன்றையும் தனித்தனியாக லேசான மெக்னீசியம் கார்பனேட் போன்ற உறிஞ்சும் பொடியோடு கலந்து, அப்புறம் அழுத்தாமல் ஒன்றுசேர்க்க வேண்டும்.

மாத்திரையிலிருந்து குடிக்கும் மருந்து

கலவை அறைக்கு அதிகம் வரும் வேலைகளில் ஒன்று குழந்தைகளுக்கான சஸ்பென்ஷன், அதாவது கரையாத பொடி பரவி நிற்கும் திரவ மருந்து. 50 மி.கி. மாத்திரையிலிருந்து, மி.லி.க்கு 10 மி.கி. வீதம் 100 மி.லி. என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 1000 மி.கி. மருந்து, ஆகவே 20 மாத்திரை. எண்ணி வைத்து, இன்னொருவரிடம் எண்ணச் சொல்லுங்கள்.

கல்வத்தில் போட்டு நுண்பொடியாக்குங்கள். செய்முறையில் சொன்ன அடிப்படைத் திரவத்தைக் கொஞ்சமாக விட்டுக் கட்டியில்லாத பசையாக இழையுங்கள். எடுத்ததுமே நிறைய ஊற்றினால் உலர்ந்த பொடி கட்டிகட்டியாக மிதக்கும், அப்புறம் எவ்வளவு தேய்த்தாலும் வழுக்கிக்கொண்டு ஓடும். பசை சரியானதும் ஊற்றக்கூடிய பதம் வரும்வரை திரவத்தைச் சேர்த்து, அளவுச்சாடிக்கு மாற்றுங்கள். இப்போது கல்வத்தின் சுவரில் மெல்லிய படலம் ஒட்டியிருக்கும். அது மருந்து. அதே அடிப்படைத் திரவத்தில் இரண்டு மூன்று முறை கல்வத்தையும் குழவியையும் அலசி, அலசியதையெல்லாம் சாடியில் சேர்த்து, கடைசியாக 100 மி.லி. கோடு வரை நிரப்புங்கள். அலசுவதற்கு முன் கோட்டை எட்டிவிட்டால் அலசலுக்கு இடமிருக்காது.

பாட்டிலில் ஊற்றும்போது மேலே கொஞ்சம் இடம் விடுங்கள், குலுக்க வேண்டுமே. சஸ்பென்ஷனில் மருந்து அடியில் படிவது இயல்பு, குலுக்கினால் எழுந்து பரவ வேண்டும். குலுக்கியும் எழாமல் அடியில் இறுகினால் அந்தக் கலவை உதவாது.

பொடி சீக்கிரம் படியாமல் பிடித்து வைக்கும் மெத்தில்செல்லுலோஸ் கரைசலை நீங்களே தயாரிப்பதானால் ஒரு சூட்சுமம் உண்டு. அது குளிர்ந்த நீரில்தான் கரையும், சூடான நீரில் கரையாது. நேரே குளிர்ந்த நீரில் போட்டால் வெளிப்புறம் மட்டும் ஊறிக் கட்டியாகும். அதனால் தேவையான நீரில் மூன்றில் ஒரு பங்கை நன்றாகச் சூடாக்கி அதில் தூவிப் பரப்பி, பிறகு மீதியைக் குளிர்ந்த நீராகச் சேர்த்துக் கலக்க வேண்டும். ஆறஆறத் தெளிந்து கெட்டியாகும்.

பச்சிளம் குழந்தைகளுக்கு என்றால் அடிப்படைத் திரவத்தில் சேர்ந்திருப்பவற்றையும் படியுங்கள். பென்சைல் ஆல்கஹால் என்ற பதப்படுத்தி அவர்களுக்கு ஆபத்தானது. 1980-களின் தொடக்கத்தில் குறைமாதக் குழந்தைகளின் இறப்புகளோடு அது தொடர்புபடுத்தப்பட்டது.

எண்ணெயையும் நீரையும் சேர்க்கும் எமல்ஷனில் வேலம்பிசின் (அகேசியா) கொண்டு செய்யும் உலர்முறை ஒன்றைத் தெரிந்துகொண்டால் தொடக்கத்துக்குப் போதும். விளக்கெண்ணெய் போன்ற, ஆவியாகாத நிலை எண்ணெய்க்கு விகிதம் 4:2:1, அதாவது எண்ணெய் 4, நீர் 2, பிசின் 1. ஈரமே இல்லாத, சொரசொரப்பான கல்வத்தில் எண்ணெயையும் பிசினையும் சேர்த்துக் கலந்து, நீர் முழுவதையும் ஒரே தடவையில் ஊற்றி, உடனே ஒரே திசையில் வேகமாக அரைக்க வேண்டும். சில நிமிடங்களில் கலவை பால்வெள்ளையாகி, குழவிக்கு அடியில் சடசடவென்று ஒலி கேட்கும். அந்த ஒலி வந்த பிறகே மீதிப் பொருட்களைச் சேர்க்கலாம். வராவிட்டால் தண்ணீர் ஊற்றிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள், புதிதாகத் தொடங்குங்கள்.

கேப்சூல், சப்போசிட்டரி

காலி கேப்சூல்களில் எண் கூடக்கூட அளவு சிறிதாகும்: 000 மிகப் பெரியது, 5 மிகச் சிறியது. 0 எண்ணில் சுமார் 0.68 மி.லி., 1 எண்ணில் சுமார் 0.5 மி.லி. பிடிக்கும். எடை எவ்வளவு பிடிக்கும் என்பது பொடியின் அடர்த்தியைப் பொறுத்தது. ஆகவே முதலில் உங்கள் பொடியால் சில கேப்சூல்களை நிரப்பி எடை பார்த்து, இடம் மிஞ்சினால் லாக்டோஸ் போன்றதைச் சேர்த்துக் கணக்கைச் சரிசெய்யுங்கள். முடிந்ததும் ஒவ்வொன்றாக எடை போட்டு, சராசரியிலிருந்து விலகியதைத் தள்ளுங்கள்.

மலவாயில் வைக்கும் மருந்தான சப்போசிட்டரிக்குக் கோகோ வெண்ணெய் உருக்கும்போது அவசரம் கூடாது. அது 34 முதல் 36 டிகிரி செல்சியஸில் உருகும். அதிகம் சூடாக்கினால் படிக அமைப்பு மாறி, உருகுநிலை இறங்கி, அறை வெப்பத்தில் கட்டியாகவே ஆகாது. வெதுவெதுப்பான நீர்த்தொட்டியில் வைத்து, மூன்றில் இரண்டு பங்கு உருகியதும் இறக்கிக் கலக்கினால் மீதி தானாக உருகிவிடும். மருந்து எவ்வளவு இடத்தை அடைத்துக்கொள்ளும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்: துத்தநாக ஆக்சைடு 4.7 கிராம், 1 கிராம் கோகோ வெண்ணெயின் இடத்தைப் பிடிக்கும்.

ஊசி மருந்தும் கண் மருந்தும்

இதுவரை சொன்னது எதுவும் ஊசிக்கோ கண்ணுக்கோ போகும் மருந்துக்குப் போதாது. கிருமியற்ற தயாரிப்புக்கு வடிகட்டிய காற்று ஓடும் தனி அறை, தனிப் பயிற்சி, விரல் நுனியிலிருந்து மாதிரி எடுத்துச் சோதிக்கும் முறை என்று எல்லாம் வேறு. 2012-இல் அமெரிக்காவில் ஒரு கலவை மையம் அனுப்பிய ஸ்டீராய்டு ஊசி மருந்தில் பூஞ்சை கலந்திருந்தது. 750 பேர் அளவுக்கு நோயுற்றார்கள், 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பயிற்சி முடித்துச் சான்று பெறும்வரை “ஒரே ஒரு பாட்டில்தானே” என்று யார் கேட்டாலும் மறுத்துவிடுங்கள்.

லேபிள், நாள், ஒப்படைப்பு

கலந்த மருந்துக்குக் கம்பெனி மருந்தைப் போல் ஆண்டுக்கணக்கில் காலாவதித் தேதி போட முடியாது. எந்த நாளுக்குப் பிறகு பயன்படுத்தக் கூடாது என்பதை நீங்கள் குறிக்க வேண்டும். தண்ணீர் இருக்கும் இடத்தில் கிருமியும் வளரும், மருந்தும் சிதையும் என்பதே இதற்கு அடிப்படை. 2023 நவம்பரில் நடைமுறைக்கு வந்த அமெரிக்க மருந்து நூலின் 795-ஆம் அத்தியாயம், தனிச் சோதனைத் தரவு இல்லாதபோது உச்ச வரம்பை இப்படி வைக்கிறது: பதப்படுத்தி இல்லாத நீர்க்கலவை, குளிர்பெட்டியில் 14 நாள்; பதப்படுத்தி உள்ள நீர்க்கலவை 35 நாள்; நீரற்ற குடிக்கும் திரவம் 90 நாள்; கேப்சூல், பொடி போன்ற உலர்ந்தவை 180 நாள். உங்கள் நாட்டு விதி வேறாக இருந்தால் அதுதான் உங்களுக்கு விதி. கலவையில் சேர்ந்த மூலப்பொருள் ஏதாவது அதற்கு முன்பே காலாவதியானால் அந்தத் தேதியைத் தாண்டக் கூடாது.

லேபிளில் வீரியத்தை மி.லி.க்கு எத்தனை மி.கி. என்று எழுதுங்கள். “குலுக்கிப் பயன்படுத்தவும்”, “குளிர்பெட்டியில் வைக்கவும்” ஆகியவை பெரிய எழுத்தில் இருக்கட்டும். பதிவேட்டில் ஒவ்வொரு பொருளின் பேட்ச் எண், எடை, கலந்தவர், சரிபார்த்தவர், முடிவில் பார்த்த நிறமும் தன்மையும் எல்லாம் அன்றே ஏற வேண்டும், நாளைக்கு எழுதலாம் என்று தள்ளக் கூடாது. சரிபார்ப்பவர் வரும்வரை டப்பாக்களை அலமாரியில் திரும்ப வைக்காதீர்கள். எடைச்சீட்டும் டப்பாவும் அருகருகே இருந்தால்தான் அவரால் எதையாவது சரிபார்க்க முடியும்.

மருந்தை ஒப்படைக்கும்போது அளவுச் சிரிஞ்சையும் சேர்த்துக் கொடுத்து, எந்தக் கோடு வரை என்று மார்க்கரால் குறித்துக் காட்டுங்கள். பிறகு தாயிடமோ தந்தையிடமோ பாட்டிலைக் குலுக்கி ஒரு வேளை மருந்தை அவர்களே இழுத்துக் காட்டச் சொல்லுங்கள். கோட்டில் குழப்பம் இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.